இலை விடும் ஆக்சிஜன் எதிலிருந்து? ஒளிச்சேர்க்கையில் நீர்ப்பிளவு குறித்த ஆய்வு வரலாறும் தென்தமிழகத் தொடர்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

ஒளிச்சேர்க்கையின்போது வெளிப்படும் ஆக்சிஜன், நீரிலிருந்து வருகிறது; கரியமில வாயுவிலிருந்து அன்று. இன்று பாடநூல்கள் ஒரு வரியில் கூறிச் செல்லும் இம்முடிவை, 1941ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரே ஓர் ஐசோடோப்புச் சோதனை நிறுவியதாகக் கற்பிப்பது வழக்கம். அச்சோதனை தனித்து நின்று அம்முடிவை நிறுவவில்லை என்பதையும், வெவ்வேறு முறைகளில் கிடைத்த சான்றுகள் பல பத்தாண்டுகளில் ஒன்றுகூடியே அதனை உறுதிசெய்தன என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஆக்சிஜனை உப்பாக மூட்டைகளில் வைத்துப் புழங்கும் சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தின் வேதியியலை ஒப்பீட்டுக்குக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வுகளையும், லோசானில் பணியாற்றிய தமிழ் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் பங்களிப்பையும் இவ்வரலாற்றில் உரிய இடத்தில் வைத்து நோக்குகிறது. இறுதியில், இவ்வினையைக் குறிக்கும் தமிழ்க் கலைச்சொற்கள் பற்றிய கருத்தொன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிச்சேர்க்கை, நீர்ப்பிளவு, ஆக்சிஜன்-18, மாங்கனீசு, சிவகாசி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அறிவியல் தமிழ்

முன்னுரை

1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவரக் கல்கத்தா சென்றனர். மறு ஆண்டில் அவர்கள் தொடங்கிய தொழில், மழை குறைந்த அக்கரிசல் பூமியில் வேரூன்றிப் பட்டாசாகவும் அச்சுத்தொழிலாகவும் கிளைத்தது. அங்குத் தொழிலாளர் 'மருந்து' என ஒரு சொல்லால் குறிக்கும் கலவையை வேதியியல் நோக்கில் பகுத்தால், அதில் இரண்டு பகுதிகள் இன்றியமையாதவை. ஒன்று எரியும் பொருள். மற்றொன்று எரிவதற்கு ஆக்சிஜன் தரும் உப்பு. கரிமருந்தில் வெடியுப்பும், தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், கம்பி மத்தாப்பில் பேரியம் நைட்ரேட்டும் அந்த இரண்டாம் பணியைச் செய்துவந்தன. அடைபட்ட காகிதக் குழலுக்குள்ளும் மருந்து எரிவதற்குக் காரணம், அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதுதான்.

இதற்கு நேர்மாறான வினை அதே ஊர்களின் வேலிப்பச்சையில் ஒவ்வொரு பகலிலும் நிகழ்கிறது. இலை, ஆக்சிஜனைச் செலவிடுவதில்லை, வெளியிடுகிறது. அந்த ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்னும் வினா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை விவாதத்திற்கு உரியதாகவே இருந்தது. விடை காணப்பட்ட முறையைப் பாடநூல்கள் சுருக்கியுரைக்கும்போது, அறிவியல் முடிவுகள் எவ்வாறு உறுதிபெறுகின்றன என்பது பற்றிய தவறான எண்ணம் மாணவரிடம் பதிகிறது. அதனைத் திருத்துவதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம்.

1. வெடியுப்பும் தீக்காற்றும்

ஆக்சிஜனின் வரலாறு கரிமருந்தோடு பிணைந்தது. கரிமருந்து காற்றின் துணையின்றி எரிவதைக் கருத்திற்கொண்ட ஆங்கில மருத்துவர் ஜான் மேயோ, வெடியுப்பிலும் காற்றிலும் பொதுவான ஒரு கூறு உண்டு என்றும், எரிதலுக்கும் சுவாசத்திற்கும் அதுவே காரணம் என்றும் 1674இல் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, சுவீடனில் கார்ல் வில்கெல்ம் ஷீலே வெடியுப்பைச் சூடாக்கியும், மாங்கனீசு டைஆக்சைடுக் கனிமத்தைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கியும் ஒரு வாயுவைப் பெற்றார். மெழுகுதிரியைப் பேரொளியுடன் எரியச் செய்த அவ்வாயுவை அவர் 'தீக்காற்று' என்று அழைத்தார். அவரது நூல் 1777இல் வெளிவருவதற்குள், இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1774இல் பாதரச ஆக்சைடிலிருந்து அதே வாயுவைப் பெற்றிருந்தார்.

தாவரத்தோடு அவ்வாயுவை இணைத்தவரும் பிரீஸ்ட்லியே. 1771 ஆகஸ்டு 17 அன்று, மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாத் தளிரை வைத்தார். பத்து நாள்கள் கழித்து அதே காற்றில் திரி மீண்டும் எரிந்தது. ஒளியின் பங்கை அவர் தெளிவாகக் காணவில்லை. அதனை 1779இல் யான் இங்கன்ஹவுஸ் கண்டார். நீரில் அமிழ்த்திய இலைகள் வெயிலில் மட்டுமே குமிழிகளை விடுகின்றன என்பதையும், செடியின் பச்சைப் பகுதிகளே அதனைச் செய்கின்றன என்பதையும் அவர் காட்டினார்.

1782இல் ஜெனீவாவின் ஷான் செனபியே, கரியமில வாயு கரைந்திராத நீரில் இலைகள் குமிழி விடுவதில்லை என்று கண்டறிந்தார். உற்றுநோக்கல் சரியானது. ஆனால் அதிலிருந்து அவர் பெற்ற முடிவு, கரியமில வாயுவை இலை பிளந்து கார்பனைத் தான் கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகிறது என்பதாகும். 1804இல் நிக்கோலா தெயோடர் தெ சோசூர், செடியின் எடை அது ஏற்ற கார்பனின் எடையைவிட மிகுதியாகக் கூடுவதைக் காட்டி, நீரும் இவ்வினையில் சேர்கிறது என நிறுவினார். எனினும் ஆக்சிஜனின் மூலம் கரியமில வாயு என்ற கருத்து அசையவில்லை. பச்சையத்தின் வேதியியலை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டேட்டரும் அவரோடு பணியாற்றிய ஆர்தர் ஸ்டோலும் 1918இல் எழுதிய நூலிலும் இக்கருத்தே அடிப்படையாக இருந்தது. ஒரு பொருள் இன்றி வினை நிகழாது என்பதைக் கொண்டே அவ்வினையின் விளைபொருள் அப்பொருளிலிருந்துதான் வருகிறது என்று கொள்வது தருக்கப்பிழை. அப்பிழை ஏறத்தாழ 150 ஆண்டுகள் நீடித்தது.

2. ஒப்பீடும் பிரித்தெடுத்தலும்

கருத்தை மாற்றிய முதல் சான்று, ஆக்சிஜனையே வெளியிடாத உயிரிகளிலிருந்து வந்தது. ஊதாக் கந்தக நுண்ணுயிரிகள் ஒளியின் துணையால் கரியமில வாயுவை உணவாக்குகின்றன. ஆனால் அவை நீருக்கு மாறாக ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்திக் கந்தகத்தைச் சேமிக்கின்றன. கலிபோர்னியாவில் இவற்றை ஆராய்ந்த கார்னெலிஸ் வான் நீல், 1931இல் பொதுவானதோர் ஒப்புமையை முன்வைத்தார். ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து கந்தகம் கிடைப்பது போலவே நீரிலிருந்து ஆக்சிஜன் கிடைக்கிறது என்பதே அது. இஃது ஒப்பீட்டால் பெற்ற கருதுகோள். நேரடிச் சான்று அன்று.

இரண்டாம் சான்று கேம்பிரிட்ஜில் கிடைத்தது. இராபர்ட் ஹில் இலையை அரைத்துப் பசுங்கணிகங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின்மீது ஒளியைச் செலுத்தினார். வெளிவரும் சிறிதளவு ஆக்சிஜனை அளக்க, ஆக்சிஜனோடு சேரும்போது நிறமாலை மாறும் ஹீமோகுளோபினைப் பயன்படுத்தினார். 1937, 1939 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய கட்டுரைகள், எலக்ட்ரானை ஏற்கும் இரும்பு உப்பு ஒன்று இருந்தால், கரியமில வாயு உணவாக மாறாத நிலையிலும் பசுங்கணிகம் ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று காட்டின. ஆக்சிஜன் வெளியீடும் கார்பன் ஒடுக்கமும் தனித்தனி வினைகள் என்பது இதனால் தெளிவாயிற்று. செனபியேயின் தருக்கப்பிழையைச் சோதனைவழி முறித்தவர் ஹில் எனலாம்.

3. ஆக்சிஜன்-18: சான்றின் வலிமையும் எல்லையும்

1941இல் பெர்க்கிலியில் சாமுவேல் ரூபன், மெர்ல் ராண்டல், மார்ட்டின் காமன், ஜேம்ஸ் ஹைடு ஆகியோர் கனமான ஐசோடோப்பாகிய ஆக்சிஜன்-18ஐ அடையாளமாகக் கொண்டு குளோரெல்லா பாசியில் சோதனை செய்தனர். இயற்கையில் ஆக்சிஜன் அணுக்களுள் ஏறத்தாழ 0.2 விழுக்காடே இந்த ஐசோடோப்பு. அவர்கள் பயன்படுத்திய நீரில் அது 0.85 விழுக்காட்டளவு செறிவூட்டப்பட்டிருந்தது. கரைசலில் இருந்த கார்பனேட்டு, பைகார்பனேட்டு உப்புகளில் அதைவிடக் குறைவு. வெளிவந்த ஆக்சிஜனின் ஐசோடோப்பு விகிதம் நீரின் விகிதத்தை ஒத்திருந்தது. அதே ஆண்டில் சோவியத் ஒன்றியத்தில் வினோகிராதவும் தெய்சும் இதையொத்த முடிவை வெளியிட்டனர்.

பாடநூல்களில் வரலாறு இங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் இச்சோதனையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கரியமில வாயுவும் நீரும் தம்முள் ஆக்சிஜன் அணுக்களை மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை. உயிரணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி இம்மாற்றத்தை மிகவும் விரைவுபடுத்துகிறது. இதனைக் குறைப்பதற்காகவே ரூபன் குழுவினர் காரத்தன்மை கொண்ட கரைசலைத் தேர்ந்தனர். அப்படியிருந்தும் சோதனையின்போதே கார்பனேட்டின் ஐசோடோப்பு விகிதம் நீரின் விகிதத்தை நோக்கி உயர்ந்துகொண்டிருந்தது. உயிரணுவுக்குள் ஒளிவினை நிகழும் இடத்தில் கரியமில வாயு ஏற்கெனவே நீரோடு அணுமாற்றம் செய்து சமநிலை அடைந்துவிட்டிருந்தால், ஆக்சிஜன் எதிலிருந்து வந்தாலும் ஒரே விகிதமே கிடைக்கும். எனவே, இச்சோதனை நீர்வழி மூலத்தோடு ஒத்துப்போனதே தவிர, மாற்றுக் கருத்தை முற்றாக விலக்கவில்லை.

இக்குறையை முதலில் உணர்ந்தோருள் அச்சோதனையை நிகழ்த்திய காமனும் ஒருவர். காற்றிலுள்ள ஆக்சிஜனில் கன ஐசோடோப்பு, கடல்நீரில் உள்ளதைவிடச் சற்று மிகுதி என்பதை மால்கம் டோல் 1935இல் கண்டறிந்திருந்தார். காற்றின் ஆக்சிஜன் முழுவதும் நீரிலிருந்தே வந்தது எனில் இவ்வேறுபாடு ஏன்? 1945இல் காமனும் பார்க்கரும் இவ்வினாவை எழுப்பி, அன்றைய அறிவு இதற்குப் போதாது என வெளிப்படையாகவே எழுதினர். உயிரினங்கள் சுவாசிக்கும்போது இலேசான ஐசோடோப்பை மிகுதியாக நுகர்வதும், நீராவிப்போக்கால் இலைநீரில் கன ஐசோடோப்பு கூடுவதும் இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணங்கள் எனப் பின்னரே விளங்கிற்று. தம் சோதனைக்கு எதிரான சான்றைத் தாமே எடுத்துவைத்த காமனின் செயல், வகுப்பறையில் அச்சோதனையோடு சேர்த்துக் கற்பிக்கத் தக்கது.

4. வார்பர்க்கின் மறுப்பும் கோவிந்த்ஜியின் விளக்கமும்

ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க், நோபல் பரிசு பெற்றவர். பாசிகளின் வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர். ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்தே வருகிறது என்ற கருத்தை அவர் 1970இல் மறையும் வரை கைவிடவில்லை. அவர் எடுத்துக்காட்டிய சான்று புறக்கணிக்கத் தக்கதன்று. கரியமில வாயுவை முற்றிலும் நீக்கினால் ஹில் வினையே குன்றிவிடுகிறது என்பதை அவரும் கிரிப்பாலும் 1960இல் காட்டினர். கரியமில வாயு வேண்டாத வினை எனக் கருதப்பட்ட ஒன்று அதனையே வேண்டி நின்றது.

இப்புதிரை விடுவித்ததில் இந்தியாவில் பிறந்த அறிஞர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1932இல் அலகாபாத்தில் பிறந்து அங்கேயே பயின்ற கோவிந்த்ஜி, 1956இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் எமர்சனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1959இல் எமர்சன் விமான விபத்தில் இறந்தபின், யூஜின் ராபினோவிச்சின் வழிகாட்டலில் 1960இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரும் அவருடைய மாணவர்களும் பைகார்பனேட்டின் விளைவைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1975இல் விட்ஜின்ஸ்கியும் கோவிந்த்ஜியும், பச்சையத்தின் உடனொளிர்வை அளந்து, பைகார்பனேட்டு நீரைப் பிளக்கும் பக்கத்தில் அன்றி, எலக்ட்ரானை ஏற்கும் பக்கத்தில் செயற்படுவதற்கான சான்றை வெளியிட்டனர். அதே ஆண்டில் ஸ்டெம்லரும் ராட்மரும், பைகார்பனேட்டால் தூண்டப்பட்ட ஹில் வினையிலும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்பதை ஐசோடோப்பு முறையால் காட்டினர். 2005இல் கிளாசன், பெக்மன், யுங்கெ, மெசிங்கர் ஆகியோர் பைகார்பனேட்டு இவ்வினையின் மூலப்பொருள் அன்று என்பதற்கு மேலும் நுண்ணிய அளவீடுகளைத் தந்தனர்.

வார்பர்க்கின் முடிவு தவறானது. அவருடைய உற்றுநோக்கல் தவறானதன்று. கரியமில வாயு வினையின் மூலப்பொருளாக இல்லாமல், அதனை நெறிப்படுத்தும் துணைப்பொருளாக இருந்தது. செனபியேயைத் தடுமாறச் செய்த அதே வேறுபாடு, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வார்பர்க்கையும் தடுமாறச் செய்தது.

5. ஒளித்துடிப்புகளின் கணக்கு

நீர் பிளக்கப்படுகிறது என்றால் எவ்வாறு என்பது அடுத்த வினா. 1932இல் எமர்சனும் வில்லியம் அர்னால்டும் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைப் பாசியின்மீது செலுத்தி, ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 2,400 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறே வெளிவருவதைக் கண்டனர். பெரும்பாலான பச்சையம் ஒளியைத் திரட்டும் பணியை மட்டுமே செய்கிறது. வினை நிகழும் இடங்கள் மிகச் சில என்பது இதன் பொருள்.

1969இல் பாரிசில் பியர் ஜோலியோவும் அவருடைய குழுவினரும், ஒவ்வொரு துடிப்பிலும் வரும் ஆக்சிஜனைத் தனித்தனியே அளக்கும் நுண்ணிய மின்முனையை அமைத்தனர். இருளில் வைத்திருந்த பசுங்கணிகத்தில் முதல் துடிப்புக்கு ஆக்சிஜன் வரவில்லை. இரண்டாம் துடிப்பில் சிறிது. மூன்றாம் துடிப்பில் மிகுதி. பின்னர் ஏழாம், பதினொன்றாம் துடிப்புகளில் மீண்டும் உச்சம் தோன்றி, நான்கு துடிப்புகளுக்கு ஒருமுறை என்ற சுழற்சி புலப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் பெசல் காக்கும் துணையாய்வாளர்களும் இதற்கு விளக்கம் தந்தனர். இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் நீக்கப்பட வேண்டும். ஒவ்வொரு துடிப்பும் ஓர் எலக்ட்ரானை நீக்க, வினையூக்கி எஸ்0 முதல் எஸ்4 வரை படிப்படியாக ஏறுகிறது; எஸ்4ஐ அடைந்ததும் ஆக்சிஜன் வெளிவந்து சுழற்சி தொடக்கநிலைக்குத் திரும்புகிறது. இருளில் பெரும்பாலான வினைமையங்கள் எஸ்1 நிலையில் தங்குவதால், முதல் உச்சம் நான்காம் துடிப்பில் அன்றி மூன்றாம் துடிப்பிலேயே தோன்றுகிறது.

இக்கணக்கு ஐசோடோப்புச் சோதனையைச் சாராதது. நான்கு எலக்ட்ரான்கள் என்ற எண்ணிக்கை இரண்டு நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜனேற்றத்திற்குப் பொருந்துவது. வேறொரு வழியில் வந்த சான்று முன்னைய முடிவோடு இசைந்ததே அதன் சிறப்பு.

6. தீக்குச்சியின் மாங்கனீசும் இலையின் மாங்கனீசும்

நான்கு எலக்ட்ரான்களைச் சேமித்து வைக்கும் பொருள் யாது? மாங்கனீசு குறைந்த பாசியில் ஒளிச்சேர்க்கை குன்றுவதை 1937இலேயே ஆந்திரே பிர்சன் காட்டியிருந்தார். 1980களின் தொடக்கத்தில் சார்லஸ் டிஸ்மியூக்சும் சிதரரும் எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு முறையால் எஸ்2 நிலையில் மாங்கனீசுத் தொகுதிக்குரிய குறிகையைக் கண்டனர். பெர்க்கிலியில் கென்னத் சாவர், மெல்வின் கிளைன், விட்டல் யச்சந்திரா ஆகியோர் எக்ஸ் கதிர் உட்கவர்ச்சியால் மாங்கனீசு அணுக்களுக்கிடையிலான தொலைவை அளந்தனர். ஒளியமைப்பு 2 என்னும் புரதத் தொகுதியின் படிக அமைப்பு 2001இல் பெர்லினில் 3.8 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் வெளிவந்தது. 2004இல் இலண்டன் குழுவினர், மூன்று மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கனசதுர வடிவில் இணைந்திருப்பதாகக் காட்டினர். 2011இல் சப்பானில் உமெனா, காவகாமி, ஷென், காமியா ஆகியோர் 1.9 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில், நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட தொகுதியைத் தெளிவாகக் காட்டினர். ஷீலேயின் தீக்காற்று தொடங்கி மாங்கனீசு இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வருவது குறிப்பிடத்தக்கது.

சிவகாசி வட்டாரத்து ஆசிரியருக்கு இங்கு ஓர் ஒப்பீடு எளிதில் தோன்றும். பொட்டாசியம் குளோரேட்டுடன் மாங்கனீசு டைஆக்சைடைச் சேர்த்துச் சூடாக்கி ஆக்சிஜன் தயாரிப்பது பள்ளி ஆய்வகங்களில் நெடுங்காலம் செய்துகாட்டப்பட்ட சோதனை. தீக்குச்சித் தலையின் கலவையிலும் குளோரேட்டோடு மாங்கனீசு டைஆக்சைடு சேர்க்கப்படுவதுண்டு. இரண்டிலும் மாங்கனீசு வினையை எளிதாக்குகிறது. இலையிலும் மாங்கனீசே ஆக்சிஜனை வெளிவிடத் துணைசெய்கிறது. இவ்வொப்பீடு பயனுள்ளது, ஆயினும் அதன் எல்லையைச் சேர்த்துக் கூறாவிடில் தீங்கானது.

குளோரேட்டில் ஆக்சிஜன் முன்னரே சேமிக்கப்பட்டுள்ளது. சிதைவின்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அதனால்தான் கந்தகத்தோடு குளோரேட்டைக் கலந்து வெடிப்பொருள் செய்வது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. சிறு உராய்வும் அக்கலவைக்குப் போதும். நீரோ அவ்வாறன்று. ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சும் பொருள் அது; தானே சிதைவதில்லை. அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, ஒளியால் எலக்ட்ரான் இழந்த பச்சைய மையத்தின் ஏறத்தாழ 1.2 வோல்ட்டு அளவிலான வலிய ஆக்சிஜனேற்றத் திறன் வேண்டும். தீக்குச்சியின் மாங்கனீசு இறக்கத்தில் உருளும் வண்டிக்கு வழிவிடுகிறது. இலையின் மாங்கனீசு ஏற்றத்தில் ஏறும் வண்டியைப் பின்சறுக்காமல் படிப்படியாகத் தாங்குகிறது. ஆற்றலைத் தருவது இரண்டிலும் மாங்கனீசு அன்று. முன்னதில் குளோரேட்டு, பின்னதில் சூரியன்.

7. மதுரையில் நிகழ்ந்த ஆய்வுகள்

1966இல் தொடங்கப்பெற்ற மதுரைப் பல்கலைக்கழகம், விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசரின் பெயரைப் பின்னர் ஏற்றது. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியும், தீப்பெட்டித் தொழிலின் முன்னோடியான அய்ய நாடார் 1963இல் சிவகாசியில் நிறுவிய கல்லூரியும் அதனோடு இணைவு பெற்றவை. இவ்வட்டாரத்தின் தாவரவியல் மாணவர்களுக்கு அண்மையில் இருந்த ஒளிச்சேர்க்கை ஆய்வகம் அப்பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்தில் கோ. குழந்தைவேலு நடத்திய ஆய்வகமாகும்.

அங்கு நடந்த பணிகளுள் இரண்டு இவ்வரலாற்றுக்கு நேரடித் தொடர்புடையவை. முதலாவது, குழந்தைவேலுவும் ஹென்றி டேனியலும் 1980இல் வெளியிட்ட கட்டுரை. டி.சி.எம்.யூ. என்னும் களைக்கொல்லி, ஒளியமைப்பு 2இலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் வழியை அடைக்கிறது. வழி அடைபட்டால், இலை பெற்ற ஆற்றலின் ஒரு பகுதி சிவப்பு உடனொளிர்வாக வெளிவருகிறது. அவ்வொளிர்வு எவ்வளவு கூடுகிறது என்பதை இலை, பசுங்கணிகம், பாசி ஆகிய மூன்றிலும் ஒளிச்சேர்க்கைத் திறனின் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. மதுரையில் முனைவர் பட்டம் பெற்ற டேனியல், பின்னர் அமெரிக்காவில் பசுங்கணிக மரபணுப் பொறியியலின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

இரண்டாவது, நூருதீனும் குழந்தைவேலுவும் 1982இல் வெளியிட்ட ஆய்வு. புற ஊதா-பி கதிர் ஒளிச்சேர்க்கையின் எந்தப் படியைத் தாக்குகிறது என்பது வினா. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள நம் நிலப்பகுதிக்கு இக்கதிர் இயல்பாகவே மிகுதி என்பதால், இது தொலைநாட்டு வினாவைக் கடன் வாங்கியதன்று. இத்தகைய ஆய்வின் தருக்கம் எளியது. நீரைப் பிளக்கும் பகுதி மட்டும் சேதமுற்றிருந்தால், நீருக்குப் பதிலாக எலக்ட்ரானைத் தரும் செயற்கைப் பொருளொன்றைச் சேர்த்ததும் வினை மீள வேண்டும். மீளவில்லையெனில் சேதம் அதற்கு அப்பால் உள்ளது. அவர்கள் ஒளியமைப்பு 2இன் வினைமையத்தையே தாக்குதலின் இடமாகக் கருதினர். பின்வந்த பிறநாட்டு ஆய்வுகள் பல, மாங்கனீசுத் தொகுதியை முதன்மை இலக்காகச் சுட்டின. இவ்விவாதத்தின் தொடக்கநிலைக் கட்டுரைகளுள் ஒன்றாக மதுரைக் கட்டுரை அமைந்தது. நெடுஞ்செழியனும் குழந்தைவேலுவும் பின்னர் இதே வினாவை ஆய்வகத்திலிருந்து வயலுக்குக் கொண்டுசென்று, திறந்தவெளியில் வளர்ந்த தட்டைப்பயற்றில் இக்கதிரின் விளைவை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர்.

8. இலையைப் பின்பற்றிய வேதியியல்

இலை செய்வதை ஆய்வுக்குடுவையில் செய்ய இயலுமா என்ற முயற்சியிலும் ஒரு தமிழரின் பெயர் இடம்பெறுகிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரமும் மைக்கேல் கிராட்செலும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கும் சுழற்சி முறை பற்றி 1979இல் எழுதினர். அதில் பச்சையத்தின் இடத்தில் ருத்தேனியம் சேர்மமும், மாங்கனீசுத் தொகுதியின் இடத்தில் ருத்தேனியம் டைஆக்சைடும், ஹைட்ரஜனை உண்டாக்கப் பிளாட்டினமும் இருந்தன. இலை எளிதிற் கிடைக்கும் மாங்கனீசையும் கால்சியத்தையும் கொண்டு செய்வதை வேதியியலாளர் அரிய உலோகங்களைக் கொண்டே செய்ய முடிந்தது என்பது அத்துறையின் அன்றைய நிலையைக் காட்டுகிறது.

தமிழாய்வாளருக்கு இப்பெயர் புதிதன்று. மயிலைத் தமிழ் எழுத்துருவை உருவாக்கியவரும், 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கித் தமிழிலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் பணிக்கு வழிகோலியவரும் அவரே. அவ்விணையத் தொகுப்பைப் பயன்படுத்தும் பலருக்கு அவருடைய வேதியியல் பணி தெரிந்திருப்பதில்லை.

9. கலைச்சொல் குறித்து

இவ்வினையைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? 'ஒளிப்பகுப்பு' என்னும் சொல், ஒளி நேரடியாக நீர் மூலக்கூறைத் தாக்கி உடைப்பதாகப் பொருள்தருகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை நீர் பெரிதும் உட்கவர்வதே இல்லை. ஒளியை ஏற்பது பச்சையம், எலக்ட்ரானை இழப்பது நீர். 'நீராற்பகுப்பு' என்பதை இங்குக் கையாள்வது மேலும் பிழையானது. நீரால் பிற பொருளைப் பகுப்பதை அது குறிக்கும், நீரைப் பகுப்பதை அன்று. 'நீரின் ஆக்சிஜனேற்றம்' என்பது வேதியியல் நோக்கில் சரியானது. ஆனால் ஆக்சிஜனை ஏற்றுதல் என்ற சொற்பொருள், ஆக்சிஜனை வெளிவிடும் வினைக்கு முரணாக மாணவருக்குத் தோன்றும். எலக்ட்ரான் இழப்பே ஆக்சிஜனேற்றம் என்ற விளக்கத்தை முன்வைத்த பின்னரே அச்சொல்லைக் கையாள வேண்டும். ஈழத்துத் தமிழில் ஒளிச்சேர்க்கை 'ஒளித்தொகுப்பு' எனப்படுவதால், புரத அமைப்பைக் குறிக்க அச்சொல்லைத் தவிர்த்து 'ஒளியமைப்பு' என்பதே இரு நாட்டு வாசகர்க்கும் குழப்பம் தராது. பொதுநிலையில் 'நீர்ப்பிளவு', நுட்பநிலையில் 'ஒளிவழி நீர் ஆக்சிஜனேற்றம்' என இரண்டையும் வரையறுத்துப் பயன்படுத்துவது பொருந்தும் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.

முடிவுரை

இலை விடும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது என்ற முடிவை எந்த ஒரு சோதனையும் தனித்து நிறுவவில்லை. வான் நீலின் ஒப்பீடு கருதுகோளைத் தந்தது. ஹில்லின் பிரித்தெடுப்பு இரு வினைகளைப் பிரித்துக்காட்டியது. ரூபன் குழுவினரின் ஐசோடோப்பு அதற்கு இசைந்தது. ஜோலியோ, காக் ஆகியோரின் துடிப்புக் கணக்கு வேறுவழியில் அதனை அடைந்தது. பைகார்பனேட்டு ஆய்வுகள் எதிர்ச்சான்றுக்கு விளக்கம் தந்தன. படிக அமைப்பு வினை நிகழும் இடத்தைக் காட்டியது. இவற்றுள் 1941ஐ மட்டும் தனித்தெடுத்துக் கற்பிக்கும்போது, காமனின் நேர்மையும், வார்பர்க்கின் உற்றுநோக்கலில் இருந்த உண்மையும், கோவிந்த்ஜி குழுவினரின் உழைப்பும் மறைந்துவிடுகின்றன. மதுரையில் நம் நிலத்து வெயிலை முன்வைத்து எழுப்பப்பட்ட வினாவும் பாடத்தில் இடம்பெறுவதில்லை.

விருதுநகர் மாவட்டக் கல்லூரி மாணவருக்கு, ஆக்சிஜன் தரும் உப்புகள் வீட்டுப் பேச்சில் புழங்கும் பொருள்கள். அவ்வறிவிலிருந்து தொடங்கி, மருந்தின் ஆக்சிஜனுக்கும் இலையின் ஆக்சிஜனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பித்தால், ஒளிச்சேர்க்கை மனப்பாடப் பகுதியாக நில்லாது. வெடிமருந்து சேமித்து வைத்ததைச் செலவிடுகிறது. இலை, அச்சேமிப்புக்கு முதல் தேடித் தருகிறது. கட்டிக்குள் எரியும் கரியும், திரியின் நூலும், குச்சியின் மரமும் என்றோ ஓர் இலை நீரிலிருந்து பறித்த எலக்ட்ரான்களைக் கொண்டே உருவானவை என்பதை அம்மாணவர் உணர்வதே இவ்வரலாற்றைக் கற்பிப்பதன் பயனாகும்.